நெல்கா திரும்பிய கோடை

நெல்கா ஊர்
16 ஜூன் 1971

தம்பி யெரெமேய்க்கு,

மூன்று வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் ஆறு நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் பூமி ஆடியதே, உங்கள் பக்கமும் ஆடியிருக்கும். அன்று மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் தானாக நகர்ந்தன. அதற்கு மறுநாளிலிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மலைப் பனி உருகி நெல்கா கரை புரள வேண்டிய மாதம் இது. ஆனால் நேற்று பிள்ளைகள் பூட்ஸ் நனையாமல் அக்கரைக்கு நடந்து போய் வந்தார்கள். குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீனை ஊர்க்காரர்கள் வாளி வாளியாக அள்ளுகிறார்கள், ஒரே கொண்டாட்டம். உன் மச்சான் ப்ரோகோப்பைக் கேட்டால், "இந்த வருஷம் மலையில பனி கம்மி, அவ்ளோதான். நீ போய் மீனை உப்புல போடு" என்கிறார்.

பனி கம்மி இல்லை. நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து காதில் இருந்த சத்தம் நின்றுபோனால் எப்படித் தூங்குவது? நாய்களெல்லாம் கரையில் போய் உட்கார்ந்து மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உன் கோடை மேய்ச்சல் நிலம்தான் ஆற்றின் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு யாரும் அங்கே இல்லை. நம் இரண்டு பள்ளத்தாக்குக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கிற அந்தக் கழுத்து மேட்டுக்கு ஏறி எங்கள் பள்ளத்தாக்கை ஒரு தடவை பார்த்துச் சொல். மான் டாக்டர் த்ரோஃபிம் உங்கள் மந்தைக்கு ஊசி போட வருகிறார், பதிலை அவர் கையில் கொடு. இந்தக் கடிதம் உன் மச்சானுக்குத் தெரியாது.

அகுலினா


ஓம்சா மேல்கரை, கூடாரம்
27 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடத்தான் எடுத்தேன். ஃபெக்லா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். "ஆத்தைக் காணோம்னு எழுதியிருக்காங்க அண்ணி. அதுக்கும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பியா?" என்றாள். என் பெண்டாட்டி வாயைத்தான் உனக்குத் தெரியுமே. மறுநாள் காலையில் குதிரையில் ஏறிவிட்டேன்.

கழுத்தில் நின்று கீழே பார்த்தேன். உங்கள் பள்ளத்தாக்கு இல்லை. ஏரிதான் இருக்கிறது.

பூமி ஆடிய அன்று தெற்கு மலையின் ஒரு பக்கம் முழுசாகச் சரிந்து, நெல்கா இறங்கும் இடுக்கை அடைத்துவிட்டது. கல்லும் சேறும் பனிக்கட்டியும் மரமும் சேர்ந்த ஒரு குவியல். அதன் பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டே போகிறது. நாம் சின்ன வயதில் பெர்ரி பறித்த சரிவில் மரங்களின் நுனி மட்டும் தெரிகிறது. முயல்களெல்லாம் மேட்டில் கும்பலாக நிற்கின்றன, என்னைப் பார்த்து ஒன்றுகூட ஓடவில்லை. காற்று இல்லை. ஆனாலும் எங்கேயோ கரை இடிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தண்ணீர் போக இரண்டு வழிதான் உண்டு. அந்தக் குவியல் உடைந்தால் உங்கள் ஊர் மேல் வரும். உடையாமல் ஏறிக்கொண்டே போனால் கழுத்தைத் தாண்டி எங்கள் ஓம்சா ஆற்றுக்குள் விழும். எங்கள் கூடாரங்கள் கழுத்துக்கு நேர் கீழே இருக்கின்றன. அதற்கும் கீழே ஆற்றோரமாகக் கீழ் ஓம்சா, அதன் மரவீடுகள்.

கழுத்தில் நின்றபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மழை பெய்து பாசி மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி மூடிய அந்த வருடம், மேய வழியில்லாத மந்தையை நான் அங்கேதான் ஓட்டி வந்தேன். மச்சான் துப்பாக்கியோடு குறுக்கே நின்று, "இது எங்க பண்ணை எல்லை, திருப்பு" என்றார். பாதி மந்தை திரும்பும் வழியிலேயே செத்தது. நீ வீட்டில் இருந்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனாலும் போய்ச் சொல் அவரிடம். ஊரைக் காலி பண்ணுங்கள்.

யெரெமேய்


நெல்கா ஊர்
6 ஜூலை

தம்பி,

சொன்னேன். யார் எழுதியது என்று கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஆனால் அன்றைக்கே பண்ணை வயர்லெஸ்ஸில் மாவட்டத்தோடு பேசினார். சின்ன விமானம் ஒன்று வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போனது. குவியல் அகலமானது, தாங்கும், குளிர்காலத்தில் உறைந்து கல்லாகிவிடும், கவனித்து வாருங்கள் என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

ஊரில் யாருக்கும் பயம் இல்லை. "ஏரி வந்துச்சுன்னா படகு வாங்கிடலாம்" என்று கடையில் நின்று சிரிக்கிறார்கள். கிளம்புங்கள் என்றால் காய்கறிப் பாத்தியை யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள்.

உன் மச்சானே குதிரை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கனிமம் தேடும் ஆட்களின் முகாமுக்குப் போனார். அங்கே பாறைக்கு வெடி வைக்கும் லுகிச் என்ற ஆள் இருக்கிறார். நேற்று அந்த லுகிச் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டேன்.

"கழுத்துல ஒரு வாய்க்கால் வெட்டினாப் போதும். தண்ணி அந்தப் பக்கம் நிதானமா இறங்கிடும்" என்றார் லுகிச்.

அவர் போனபிறகு, "அந்தப் பக்கம் யெரெமேய் இருக்கானே" என்றேன்.

"அங்க ஜனம் கம்மி" என்றார் உன் மச்சான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

போன தடவை நான் சும்மா இருந்தேன், சரி. இந்தத் தடவை சொல்லிவிட்டேன். கூடாரத்தைக் கழற்று. மேட்டுக்குப் போ. கீழ் ஓம்சாவுக்கும் ஆள் அனுப்பு.

அகுலினா


ஓம்சா மேல்கரை
13 ஜூலை

அக்கா,

எங்கள் ஜனம் கம்மிதான். உங்கள் ஊரில் பாதிகூட இருக்காது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார், எண்ணுவதில் கெட்டிக்காரர்.

கோபத்தில் கழுத்துக்கே மறுபடி போனேன், எங்கே வெட்டப் போகிறார்கள் என்று பார்க்க. ஏரி இப்போது கழுத்துக்கு ஒரு ஆள் உயரம் கீழே நிற்கிறது. கழுத்து என்ன பெரிய மலையா? ஒரு மந்தை படுத்தால் நிறைந்துவிடும் அகலம். மேலே பாசி, அதன் கீழே கறுப்பு மண். கோடரியால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் கோடரி 'ணங்' என்றது. பாறை என்று நினைத்து மண்ணைத் துடைத்துப் பார்த்தால், பனிக்கட்டி. பழுப்பு நிறம். உடைத்து மோந்தேன், அழுகல் நாற்றம். வேறு நாலு இடத்தில் தோண்டினேன். எல்லா இடத்திலும் அதேதான்.

கழுத்து முழுக்கப் பனிக்கட்டி, அக்கா. நாம் எல்லோரும் அதை மலை என்று நினைத்து மேலே நடந்திருக்கிறோம்.

அதில் கோடைத் தண்ணீரை விட்டால் வாய்க்காலாக நிற்குமா? வெண்ணெயில் சுடுகத்தி போகிற மாதிரி போகும். ஏரி முழுக்க ஒரே நாளில் எங்கள் மேல் வரும். அதோடும் நிற்காது. வெட்டு உங்கள் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிவிட்டால், மலைத்தண்ணீர் அதன் பிறகு எப்போதுமே இந்தப் பக்கம்தான் ஓடும். நெல்கா உங்களுக்குத் திரும்பி வராது. ஊர் பிழைக்கும், ஆறு இருக்காது.

இதை மச்சானிடம் சொல்.

யெரெமேய்


நெல்கா ஊர்
17 ஜூலை

தம்பி,

சொன்னேன். சிரித்தார். "உன் தம்பி வேற என்னத்தைச் சொல்லுவான்? வெட்டுங்க, எனக்கு நனையணும்னு சொல்லுவானா?" என்றார். உன் கடிதத்தையே காட்டினேன். கடைசிவரை படித்தார். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

இன்று காலையில் லுகிச்சும் அவருமாகக் கிளம்பிவிட்டார்கள். கூட ஒரு குதிரைக்காரன், பெட்டி ஏற்றிய குதிரைகள். வாசலில் நின்று, "என் தம்பி ஐஸ்னு எழுதியிருக்கான்ல, தோண்டிப் பாருங்க முதல்ல" என்றேன். தலையை ஆட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை.

நீ போ. முகத்தைப் பார்த்துப் பேசு. நீங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பேசியதும் அதே இடம் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கியைக் கூடாரத்தில் வைத்துவிட்டுப் போ. ஃபெக்லாவிடமும் அதையே சொல்லியிருக்கிறேன், தனியாகச் சீட்டு எழுதி.

அகுலினா


கழுத்து
21 ஜூலை, புதன்

அக்கா,

துப்பாக்கி இல்லாமல்தான் வந்தேன். ஃபெக்லா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், பிறகு எப்படி எடுப்பது?

மச்சான் என்னைப் பார்த்ததும், "அக்கா தூது விட்டாளா?" என்றார். "நீங்க தோண்டினீங்களா?" என்றேன். தோண்டியிருந்தார். ஒன்பது குழி. குழிகளைச் சுற்றி நடந்து நடந்து பாசியே தேய்ந்திருந்தது.

"ஐஸ்தான்" என்றார். "லுகிச், நீ சொல்லு இவன்கிட்ட."

லுகிச், "வெட்டினா என் கையில நிக்காது. ஆரம்பிக்க முடியும். நிறுத்த முடியாது" என்றார்.

பிறகு மச்சான் என்னை ஏரிக்கரையோடு அழைத்துப் போய்க் குவியலைக் காட்டினார். அதன் நடுவில் ஈரம் கசிந்திருக்கிறது. நான் போன வாரம் பார்த்தபோது அது இல்லை. "ஊரைக் கிளப்பப் பார்த்தேன்டா. யாரும் அசைய மாட்டேங்கிறான். இது உடைஞ்சா ஒரு மணி நேரம்கூட இல்லை அவங்களுக்கு. உங்க அக்கா உள்பட" என்றார். அந்த 'டா'வை மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நான் பகையோடு திரும்பிப் போயிருக்க மாட்டேன்.

கரையில் உட்கார்ந்தோம். கொசு மொய்த்தது, இரண்டு பேரும் விரட்டவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. எங்க ஜனத்தை மேட்டுக்கு ஏத்திடறேன். அப்புறம் வெட்டிக்குங்க."

"வெட்டினா நெல்கா போச்சு" என்றார்.

"தெரியும்."

"ஊர்ல சொன்னா என்னை வெட்ட விட மாட்டாங்க."

"சொல்லாதீங்க."

"சரி, ஞாயிறு" என்று கை கொடுத்தார்.

நீயும் சொல்லாதே அக்கா. ஃபெக்லா இன்றே கீழ் ஓம்சாவுக்குக் கிளம்புகிறாள், அங்கே அவள் சொன்னால் கேட்பார்கள். நான் மந்தையையும் கூடாரங்களையும் ஏற்றுகிறேன். இதை லுகிச்சின் குதிரைக்காரன் கொண்டுவருகிறான்.

யெரெமேய்


நெல்கா ஊர்
22 ஜூலை, வியாழன் மாலை

யெரெமேய்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அதே நேரத்தில் ஆற்றில் தண்ணீரும் வந்தது. நிறைய இல்லை, கணுக்கால் அளவு. ஆனால் பழுப்பு. கையில் எடுத்தால் சேறு, உள்ளே பச்சை மரக்கிளை. பிள்ளைகள் ஆறு வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள், நான் ஓடிப்போய் இழுத்து வந்தேன். இப்போதும் ஊர் நம்பவில்லை. கொஞ்சம் பேர் மட்டும் மூட்டை கட்டுகிறார்கள்.

குவியல் உடைய ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன். ஞாயிறு வரை தாங்காது. நான் உன் மச்சானுக்கும் எழுதிவிட்டேன், பழுப்புத் தண்ணீர் வந்துவிட்டது, காத்திருக்க வேண்டாம் என்று. குதிரைக்காரன் அதோடு திரும்பி ஓடுகிறான். உனக்கு இதை த்ரோஃபிம் கொண்டுவருகிறார். கழுத்தில் வெடி வைக்கப் போகிறார்கள், அதனால் அவர் சுற்றுவழியாக வர வேண்டும், இது உனக்குப் பிந்தித்தான் கிடைக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இங்கே முப்பது குழந்தைகள் இருக்கின்றன.

இது கைக்கு வந்த உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஏறு. ஃபெக்லாவைக் கூப்பிட்டுக்கொள்.

அகுலினா


ஓம்சா மேடு
4 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. மச்சான் வெள்ளிக்கிழமை மாலையே வெட்டிவிட்டார்.

நான் மேட்டில் மந்தையோடு இருந்தேன். இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. கழுத்திலிருந்து தண்ணீர் நூல் மாதிரி இறங்குவது தெரிந்தது. ஒரு மான் நின்று குடிக்கலாம், அவ்வளவுதான். லுகிச் தொப்பியைக் கழற்றி எனக்கு ஆட்டிக் காட்டினார். நானும் அதைப் பார்த்துவிட்டு, பயந்தது வீண் என்றுகூட நினைத்தேன். பொழுது சாயும்போது நூல் கயிறு ஆனது. பிறகு கழுத்தே நடுவில் தொங்கிப்போய் விழுந்தது. வீட்டளவு பனிக்கட்டிகள் உருண்டு வந்தன. அதற்குப் பிறகு எங்கள் பள்ளத்தாக்கில் எதையும் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும்தான்.

மச்சானைப் பற்றி லுகிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெட்டு அகலமாவதைப் பார்த்து இரண்டு பேரும் ஓடியிருக்கிறார்கள். குதிரைகளை விளிம்புக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்களாம். மச்சான் அவிழ்த்துவிடத் திரும்பினார். "விடுய்யான்னு கத்தினேன். 'கட்டினது நான்ல'ன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார் லுகிச். மச்சான் நின்ற இடம் குதிரைகளோடு போய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறோம்.

ஃபெக்லா கீழ் ஓம்சாவில் ஒரு வீடு விடாமல் ஜனத்தைக் கிளப்பியிருக்கிறாள். குழந்தைகள், கிழடுகள் எல்லோரும் மேட்டில் பத்திரமாக இருந்தார்கள். ஆஸ்பத்திரி அறையில் கால் முறிந்த பெண் ஒருத்தி கிடந்தாள். அவளைத் தூக்க ஆள் வேண்டும், சனிக்கிழமை வண்டியோடு வருகிறோம் என்றார்களாம். "ஞாயிறு வரைக்கும் டைம் இருக்கு, நான் துணைக்கு இருக்கேன், நீங்க காலையில வாங்க" என்று சொல்லிவிட்டு இவள் கீழே இறங்கியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் ஃபெக்லா ஆற்று வளைவில் கிடைத்தாள். அந்தப் பெண்ணின் துணியைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அந்தப் பெண் கிடைக்கவில்லை.

உன் மேல் கோபமா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தை நிறைய தடவை படித்துவிட்டேன். முப்பது குழந்தைகள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மடித்து வைத்துவிடுகிறேன்.

யெரெமேய்


நெல்கா ஊர்
29 ஆகஸ்ட்

தம்பி,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஃபெக்லாவைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது கேவலமாக இருக்கிறது.

குவியல் அப்படியே நிற்கிறது. மாவட்டத்திலிருந்து பொறியாளர்கள் இப்போது வந்தார்கள். ஒருவர், அது எப்படியும் உடைந்திருக்கும் என்றார். இன்னொருவர், குளிர்காலம் வரை தாங்கியிருக்கும் என்றார். என் எதிரிலேயே நின்று வாதம் பண்ணினார்கள். "உங்கள்ல யாரு சொல்றது சரி?" என்று கேட்டேன். "இனிமே தெரிஞ்சுக்க முடியாதும்மா" என்றார் வயதானவர்.

ஆறு வரவில்லை. குட்டைகள் நாறுகின்றன. குடிக்கத் தண்ணீருக்குப் பீப்பாய் வண்டி வருகிறது. ஊரை மாவட்ட நகரத்துக்கு மாற்றப் போகிறார்கள். ஆறு திரும்பாது என்பது உன் மச்சானுக்கு முன்பே தெரியும் என்று லுகிச் எங்கேயோ சொல்லிவிட்டார். அதனால் எனக்கும் தெரிந்திருக்கும் என்று ஜனம் முடிவு பண்ணிவிட்டது. அது உண்மைதானே. கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. "உயிரோட இருக்கீங்கல்ல" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். "இருந்து?" என்றாள் கடைக்காரி. அவ்வளவுதான் சொன்னாள்.

நகரத்துக்கு நான் போகப் போவதில்லை. அங்கே வரலாமா என்று உன்னைக் கேட்கவும் இல்லை. வருகிறேன். உங்கள் ஆறு உறைந்ததும் சறுக்குவண்டியில் கிளம்புகிறேன். ஃபெக்லாவைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு நீ போ என்றால் போய்விடுகிறேன்.

அகுலினா


ஓம்சா மேடு
11 அக்டோபர்

அக்கா,

த்ரோஃபிம் நாளை கிளம்புகிறார். நீ கிளம்புவதற்குள் இது கைக்கு வர வேண்டும், அதனால் வழியை மட்டும் எழுதுகிறேன்.

கழுத்து வழியாக வராதே, கழுத்து என்று ஒன்று இல்லை. இப்போது அது ஒரு பிளவு. குளிர் வந்த பிறகும் அதன் சுவர்கள் இடிந்துகொண்டேதான் இருக்கின்றன. குவியலின் மேலேயே ஏறி, தெற்கு மலையை ஒட்டி வா. அங்கே மரத்தில் துணி கட்டி வைத்திருக்கிறேன்.

நிலம் அளக்கிறவர்கள் வந்தார்கள். மேலே நெல்கா, கீழே ஓம்சா, இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது, வரைபடத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். போனவாரம் அதன் கரை இன்னும் ஒரு கூடாரத்தை எடுத்துக்கொண்டு போனது. எங்கே நிற்கப் போகிறது என்று அதற்கே இன்னும் முடிவாகவில்லை. மச்சானும் கிடைக்கவில்லை.

ஃபெக்லா நீ வந்து சேரும் கரையில் இல்லை, எங்கள் பக்கத்து மேட்டில் இருக்கிறாள். நீ ஆற்றைக் கடந்துதான் வர வேண்டும். இதைக் கவனமாகக் கேள். பனிக்கட்டி மேல் கால் வைக்காதே. வெள்ளையாக, கெட்டியாக, வண்டியே போகலாம் போலத் தெரியும். நம்பாதே. பழைய ஓம்சா எங்கே முதலில் உறையும், எங்கே கடைசியில் உறையும் என்று எனக்குத் தெரியும். இது அந்த ஆறு இல்லை. நேற்று என் கண் முன்னால் ஒரு நாய் நடுவில் போய் நின்றது, பிறகு அங்கே ஒன்றும் இல்லை.

கரையிலேயே நில். எவ்வளவு நேரமானாலும் இறங்காதே. சத்தமாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. நான் கழியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு உன்னிடம் வருகிறேன்.

யெரெமேய்